வாசிகசாலைக் கணினிகளின் டெஸ்க்டொப்: தமிழ் எழுத்து அடியில் வெட்டுப்படுகிறது, ஐகொன் பெயர்கள் தெரியவில்லை

உவர்மலை வாசகர்

வணக்கம். திருகோணமலையில் ஒரு வாசிகசாலைக்கு மூன்று பழைய கணினிகளைத் தயார்செய்கிறோம். இயங்குதளம் லினக்ஸ் மின்ட், 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற இலகுவான டெஸ்க்டொப் உள்ள பதிப்பு. 4 ஜிபி றாம், 1366×768 திரை, விஜிஏ கேபிள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கண்ணாடி போட்ட பெரியாட்களும் பாவிப்பார்கள். சிக்கல்கள் இவை:

தமிழில் பெயரிட்ட ஃபைல்களில் ழு, ரூ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. 'தீம்' எனப்படும் திரைத் தோற்றத்தை மாற்றினாலும் விண்டோவின் தலைப்புப்பட்டை பழையபடியே நிற்கிறது. சுவாமி மலைப் படத்தை வோல்பேப்பராகப் போட்டால் மேலே கோணேசர் கோயில் பாதியாகிவிடுகிறது, அலைக்கு மேல் வரும் ஐகொன் பெயர்களை வாசிக்க முடியவில்லை. ஒன்றில் செய்ததை மற்ற இரண்டுக்கும் கொண்டுபோக வழி உண்டா? கறுப்புத் தீம் கண்ணுக்கு நல்லது என்கிறார்கள், போடலாமா?

நிலாவெளி

முதலில் எழுத்தைச் சரிசெய்யுங்கோ, பனலையும் (திரையோரப் பட்டை) ஐகொனையும் அதற்குப் பிறகு தொடுங்கோ. எழுத்தின் அளவு மாறினால் மற்ற எல்லா அளவும் மாறும்.

வெட்டுப்படுவதற்குக் காரணம், மெனுவுக்குத் தெரிவாகியிருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாதது. சிஸ்டம் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவை இரவல் எடுக்கிறது. வரியின் உயரமோ முதல் எழுத்துருவுக்கு ஏற்றபடி இருக்கிறது. சொஃப்ட்வெயார் மனேஜரில் நோட்டோ யூஐ கோர் எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கோ. அதில் 'நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ' வரும். ஒடுங்கின வரிக்குள் அடங்குவதற்கென்றே உயரம் குறைத்து அமைத்தது அது. சிங்களத்துக்கான நோட்டோவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் சிங்களப் பெயருள்ள ஃபைல்கள் வெறும் பெட்டிகளாகத் தெரியலாம்.

பிறகு செற்றிங்ஸில் 'அப்பியரன்ஸ்', அதில் 'ஃபொன்ற்ஸ்'. எழுத்துரு 11 புள்ளி, டிபிஐ (திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாக வரும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 96 இலிருந்து 110. இயல்பான 10 புள்ளி 13 பிக்சல் அளவில் வரும், இந்த மாற்றத்தோடு அது 17 பிக்சலைத் தொடும். பெரியாட்களுக்கு அந்த வித்தியாசம் போதும். டிபிஐ 120 ஐத் தாண்டாதேங்கோ: 768 பிக்சல் உயரத்தில் சில பெட்டிகளின் அடிப் பட்டன்கள் திரைக்குக் கீழே போய்விடும். அப்படி நடந்தால் ஓல்ற் விசையை அழுத்திக்கொண்டு விண்டோவை மவுஸால் மேலே இழுக்கலாம்.

'ஹின்ரிங்' (எழுத்தின் கோடுகளைப் பிக்சல்களோடு பொருத்துவது) மெல்லியதாக, அதாவது 'ஸ்லைற்' என்று இருக்கட்டும். முழுதாகப் போட்டால் தமிழ் வளைவுகள் நெளிந்துவிடும். விஜிஏ கேபிள் என்பதால் 'சப்பிக்சல்' (பிக்சலின் நிறப் பகுதிகளைத் தனித்தனியாகப் பாவித்து எழுத்தை மென்மையாக்குவது) வேண்டாம், எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் கசியும்.

தலைப்புப்பட்டை மாறாததற்குக் காரணம் வேறு. 'அப்பியரன்ஸ்' விண்டோவின் உள்ளே இருப்பதைத்தான் மாற்றும். சட்டத்தையும் தலைப்பு எழுத்தையும் மாற்ற 'விண்டோ மனேஜர்' என்ற தனி இடத்துக்குப் போக வேண்டும். இரண்டிலும் ஒரே பெயருள்ள தீமைத் தெரியுங்கோ.

பாமினியில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களை வாசிக்க அந்த எழுத்துருவை நிறுவலாம், ஆனால் அதை மெனு எழுத்துருவாகத் தெரிந்துவிடாதேங்கோ. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு அது. முழு மெனுவும் வாசிக்க முடியாத தமிழாகிவிடும்.

கிண்ணியா

படம் வெட்டுப்படுவது வெறும் கணக்கு. கமராப் படம் 4000×3000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 16:9 திரையை நிரப்ப 4000×2250 தான் தேவை. 'சூம்' முறையில் மேலே 375, கீழே 375 பிக்சல் போய்விடும், மேலே போவது கோபுரம். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் திறந்து, மேற்பக்கத்தை வைத்துக்கொண்டு கீழே கடலில் 750 பிக்சலையும் வெட்டுங்கள். பிறகு 1366×768 ஆகச் சுருக்குங்கள். நினைவகத்தில் விரியும்போது பெரிய படம் 48 எம்பி, சுருக்கியது 4 எம்பி சொச்சம். 4 ஜிபி இயந்திரத்துக்கு அதுவும் உதவிதான்.

ஐகொன்கள் வரும் இடது பக்கம் படத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே அலைநுரை இருந்தால் கிம்ப்பில் அந்தக் கால்பங்கை மட்டும் மங்கலாக்கி, கொஞ்சம் இருட்டாக்குங்கள். வெள்ளை எழுத்து தெளிவாக எழும்.

டெஸ்க்டொப் செற்றிங்ஸின் 'ஐகொன்ஸ்' பக்கத்தில் அளவு 64. 'ஃபைல் சிஸ்டம்' ஐகொனை எடுத்துவிடுங்கள், கழற்றக்கூடிய சாதனங்களின் ஐகொன் கட்டாயம் இருக்கட்டும்: பென்டிரைவ் செருகின பிள்ளை அதைத்தான் தேடும். பனல் உயரம் 40 பிக்சல், 'லொக் பனல்' தெரிவும் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது இழுத்து நடுத்திரையில் விடுவார்கள்.

கறுப்புத் தீம் போடலாம், இரவில் கண் கூசாது.

மூதூர்

கறுப்பு விடயத்தில் கிண்ணியா நண்பரோடு உடன்பட முடியவில்லை. வாசிகசாலை பகலில்தான் திறந்திருக்கும். கரையோர வெயில் யன்னலால் விழும்போது கறுப்புத் திரையில் யன்னலும் முகமும்தான் தெரியும். வெளிர் தீம் போட்டு, மொனிற்றரின் வெளிச்சத்தை அறைக்கேற்பக் கூட்டுங்கள். திரையை யன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைப்பது எந்தத் தீம் மாற்றத்தையும் விடப் பயன் தரும்.

மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வீட்டு ஃபோல்டரில் கொன்ட்ரோல்+எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் 'கொன்ஃபிக்' ஃபோல்டர் தெரியும். அதற்குள் இருக்கும் 'எக்ஸ்எஃப்சிஇ4' தான் வேண்டியது. எழுத்துருக்களையும் தீம்களையும் அடுத்த கணினியில் முதலில் நிறுவிவிட்டு, வாசகர் கணக்கிலிருந்து வெளியேறி, நிர்வாகிக் கணக்கில் நின்று அந்த ஃபோல்டரைப் பிரதிபண்ணுங்கள். வாசகர் கணக்கு திறந்திருக்கும்போது செய்தால், நினைவில் வைத்திருக்கும் பழைய அமைப்பை எக்ஸ்எஃப்சிஇ திரும்ப மேலெழுதிவிடும். பிரதியின் உரிமையாளரை வாசகர் கணக்குக்கு மாற்றவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதற்குப்பின் எந்த மாற்றமும் சேமிக்கப்படாது.

வோல்பேப்பரை எல்லாக் கணக்கும் வாசிக்கக்கூடிய 'பக்கிரவுண்ட்ஸ்' பொது ஃபோல்டரில் வையுங்கள்.

உவர்மலை வாசகர்

நன்றி. எழுத்தும் தலைப்புப்பட்டையும் சரி. இரண்டாவது கணினியில் எல்லாம் வந்தது, வோல்பேப்பர் மட்டும் வரவில்லை. அதில் எச்டிஎம்ஐ கேபிள். மூன்றாவதில் விண்டோவை இழுத்தால் திரை திக்குகிறது.

மூதூர்

கேபிள்தான் காரணம். வோல்பேப்பர் அமைப்பு மொனிற்றர் இணைப்பின் பெயரில் பதியும். விஜிஏ பெயரில் பதிந்தது எச்டிஎம்ஐக்குப் பொருந்தாது. அந்தக் கணினியில் ஒருமுறை படத்தைக் கையால் தெரிவுசெய்துவிடுங்கள்.

நிலாவெளி

திக்குவதற்கு: 'விண்டோ மனேஜர் ட்வீக்ஸ்', கடைசிப் பக்கம் 'கொம்பொசிற்றர்' (விண்டோக்களுக்கு நிழல் போன்ற அலங்காரம் தரும் பகுதி), அதை நிறுத்துங்கோ. நிழலும் ஒளிபுகும் பனலும் போய்விடும். வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிவது போலத் தெரிந்தால் அந்த ஒன்றில் மட்டும் திரும்பப் போடுங்கோ.