16 த்ரெட் போட்டால் 4 த்ரெட்டைவிட மெதுவாக ஓடுகிறது. லினக்ஸில் வேகம் அளக்கும் கருவியான பெர்ஃப் வைத்துக் காரணத்தைப் பிடிக்க முடியுமா?

காற்றாடி_பணகுடி:

அண்ணாச்சிமாரே, மூன்று நாளாக மண்டை காய்கிறது. பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து வரும் அளவீட்டுக் கோப்புகளை வாசித்து மொத்த உற்பத்தியைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு சி++ புரோகிராமை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற மாதங்களில் ராத்திரி ஒரு தடவை ஓடினால் போதும். ஆனி, ஆடியில் காற்று பிடித்துவிட்டால் மணிக்கொரு தடவை அறிக்கை கேட்பார்கள், அதனால் வேகப்படுத்தலாம் என்று த்ரெட் (வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் ஓடும் கிளை) எண்ணிக்கையை ஏற்றினேன், அங்கேதான் வினை.

ஒரு த்ரெட்டில் 84 செகண்ட், 4 த்ரெட்டில் 29, எட்டில் 37, பதினாறில் 55. கல்யாண வீட்டில் பரிமாற ஆள் அதிகமாகி ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்கிற கதையாக இருக்கிறது.

ஒரு த்ரெட் முடிக்கும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் லாக் எதுவும் கிடையாது. ஒரு வெக்டர் (வரிசையாக அடுக்கிய பட்டியல்), அதில் த்ரெட்டுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (சில மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு), அதற்குள் எண்ணிக்கை 8 பைட், கூட்டுத்தொகை 8 பைட், அவ்வளவுதான். ஒரு த்ரெட்டின் இடத்தை இன்னொன்று தொடுவதே இல்லை. பெர்ஃப் ஸ்டாட் போட்டுப் பார்த்தால் 4 த்ரெட்டில் பிராசஸரின் ஒரு சைக்கிளுக்கு (கடிகாரத் துடிப்புக்கு) 1.7 இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடுகிறது, 16 த்ரெட்டில் 0.4தான். பெர்ஃப் ரெக்கார்டில் பாதி நேரத்துக்கு மேல் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் அந்த ஒரே வரியில் போய் நிற்கிறது. ஒன்றைக் கூட்ட இவ்வளவு நேரமா?

மிஷின்: இரண்டு சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) இன்டெல் ஜியான், சாக்கெட்டுக்கு 8 கோர், ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணைத்தாயிற்று. ஆபீஸ் சர்வரில் கை வைக்கப் பயந்து, வாடகை கிளவுட் மிஷின் ஒன்றில் பெர்ஃப் சி2சி ஓட்டிப் பார்த்தேன். மெமரி ஈவென்ட் ஆதரவு இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

கொக்கிரகுளத்தான்:

டிஸ்க்காக இருக்கும். 16 பேர் ஒரே நேரத்தில் கோப்பை இழுத்தால் டிஸ்க் என்ன செய்யும்?

காற்றாடி_பணகுடி:

இல்லை அண்ணாச்சி, ஒரு தடவை ஓட்டியபிறகு கோப்பு முழுவதும் பேஜ் கேஷில், அதாவது மெமரியில்தான் இருக்கிறது. அடுத்த ஓட்டத்தில் டிஸ்க் வாசிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், பார்த்துவிட்டேன்.

ஈரடுக்குப்பாலம்:

தம்பி, "ஒன்று மற்றொன்றின் இடத்தைத் தொடுவதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் கண்ணுக்குத்தான். பிராசஸருக்கு பைட் கணக்கு தெரியாது, கேஷ் லைன் கணக்குதான் தெரியும், அதாவது தன் பக்கத்து வேக மெமரியான கேஷுக்குள் ஒரேயடியாக இழுத்து வரும் துண்டு. ஜியானில் ஒரு லைன் 64 பைட். உங்கள் ஸ்ட்ரக்ட் 16 பைட் என்றால் ஒரே லைனில் நான்கு த்ரெட்டின் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் தெருவில் முன்பு பால் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. ஒரே பக்கத்தில் நான்கு வீட்டுப் பெயர், ஆளுக்கு ஒரு வரி. அடுத்த வீட்டு வரியில் யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் தன் வரியில் ஒரு கோடு போட நோட்டையே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், மற்ற மூவரும் வாசலில் நிற்பார்கள். கேஷிலும் அதேதான். ஒரு கோர் எழுதியதும் மற்ற கோர்களில் இருக்கும் அந்த லைனின் பிரதிகள் செல்லாதவை ஆகிவிடும், அடுத்து எழுத வருகிறவர் முழு லைனையும் அங்கிருந்து இழுத்து வர வேண்டும். உங்களுக்கு இரண்டு சாக்கெட் வேறு. ஒன்றை நெல்லை டவுன் என்றும் இன்னொன்றைப் பாளை என்றும் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு ஒவ்வொரு கோட்டுக்கும் சுலோச்சனா முதலியார் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறது. கோருக்கு மிக அருகில் உள்ள எல்1 கேஷில் இருந்தால் 4, 5 சைக்கிளில் முடிகிற வேலை, அடுத்த சாக்கெட்டிலிருந்து வந்தால் நூற்றுக்கணக்கில் போகும். இதற்குப் பெயர் ஃபால்ஸ் ஷேரிங். பெர்ஃப் ரெக்கார்டு அந்த வரியைக் காட்டியது சரி, ஆனால் அது நேரம் எங்கே போகிறது என்றுதான் சொல்லும், யாரோடு யார் மல்லுக்கட்டுகிறார்கள் என்று சொல்லாது. சி2சி என்றால் கேஷ் டு கேஷ், அந்தப் போக்குவரத்தைப் பிடிக்கத்தான் அது லினக்ஸ் 4.10ல், 2017ல் வந்தது.

கிளவுடில் ஓடாததற்குக் காரணம், இன்டெலில் இந்தக் கருவி பெப்ஸ் என்ற ஹார்டுவேர் வசதியை நம்பியிருக்கிறது, விர்ச்சுவல் மிஷினுக்குள் பெரும்பாலும் அதைத் திறந்துவிட மாட்டார்கள். ஆபீஸ் சர்வரில்தான் ஓட்டியாக வேண்டும். பயப்படாதீர்கள், 5, 10 செகண்ட் போதும், அதற்கு மேல் ஓட்டினால் கோப்புதான் வீங்கும்.

போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், டெர்மினலில் இங்கிலீஷில் அடித்துக்கொள்ளுங்கள். முதலில் புரோகிராமை -ஜி போட்டு கம்பைல் செய்யுங்கள், இல்லாவிட்டால் சோர்ஸ் வரி எண் வராது. புரோகிராம் 16 த்ரெட்டோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில்: சுடூ பெர்ஃப் சி2சி ரெக்கார்டு -ஏ ஸ்லீப் 5. முடிந்ததும்: சுடூ பெர்ஃப் சி2சி ரிப்போர்ட் --ஸ்டிடிஐஓ.

ரிப்போர்ட்டில் முதலில் ஒரு நீளமான புள்ளிவிவரம் வரும், அதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். அடுத்து வருவது கேஷ் லைன் பட்டியல், ஹிட்எம் அதிகமுள்ளது மேலே இருக்கும். வாசிக்கப் போனபோது அந்த லைன் வேறொரு கோரின் கேஷில் மாற்றப்பட்ட நிலையில் கிடைத்தால் அதுதான் ஹிட்எம். அதே சாக்கெட்டில் என்றால் லோக்கல், பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் ரிமோட். மூன்றாவது பகுதியில் அந்த லைனுக்குள் எந்த ஆஃப்செட்டை (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி) எந்த ஃபங்ஷன், எந்தச் சோர்ஸ் வரி, எத்தனை சிபியு தொட்டன என்று உரித்துக் காட்டும். ஒரே லைனில் வெவ்வேறு ஆஃப்செட்டுகளை வெவ்வேறு சிபியுக்கள் எழுதினால் ஃபால்ஸ் ஷேரிங். ஒரே ஆஃப்செட்டை எல்லோரும் எழுதினால் அது நிஜமான ஷேரிங், அதற்கு மருந்து வேறு.

காற்றாடி_பணகுடி:

ஓட்டிவிட்டேன் அண்ணாச்சி. ராத்திரி 11 மணிக்கு யாரும் இல்லாத நேரம் பார்த்து. நீங்கள் சொன்ன மாதிரியேதான்: மேலே இருக்கும் ஐந்து லைன்களும் அந்த வெக்டர், நடுவில் மூன்றில் எக்கச்சக்க ஹிட்எம், அதில் ரிமோட் பாதிக்கும் குறைவில்லை. ஆஃப்செட் 0, 10, 20, 30 (ஹெக்ஸில், அதாவது 0, 16, 32, 48), ஒவ்வொன்றிலும் சிபியு எண்ணிக்கை 1. சோர்ஸ் வரி என் ஒன்று கூட்டும் வரி. ஆனால் ஒரு சந்தேகம், 16 த்ரெட் பெருக்கல் 16 பைட் 256, அப்படியானால் நான்கு லைன்தானே வர வேண்டும்? ஐந்து ஏன்? முதலும் கடைசியும் வேறு ஏன் கொஞ்சம் அடங்கிக் கிடக்கின்றன?

ஆறாவதாக இன்னொரு லைனும் இருக்கிறது, அதில் ஒரே ஆஃப்செட், 16 சிபியு. எத்தனை ரெக்கார்டு முடிந்தது என்று திரையில் காட்ட வைத்திருந்த அட்டாமிக் கவுன்டர் (எல்லா த்ரெட்டும் கணக்கு தவறாமல் கூட்டும் பொது எண்) அது. அதை மறந்தே போனேன்.

பத்தமடைப்பாய்:

குறுக்கே வருகிறேன். ஐந்து லைனுக்குக் காரணம், 64 பிட் லினக்ஸில் மாலாக் (மெமரியில் இடம் வாங்கித் தரும் ஃபங்ஷன்) உங்களுக்குத் தருவது 16 பைட் எல்லையில் தொடங்கும் இடம், 64 பைட் எல்லையில் அல்ல. உங்கள் வெக்டர் ஒரு லைனின் நடுவில், ஆஃப்செட் 20ல் தொடங்கியிருக்கும். முதல் லைனில் இரண்டு த்ரெட், நடு மூன்றில் நான்கு நான்கு, கடைசியில் இரண்டு. கூட்டிப் பாருங்கள், 16. இரண்டு பேர் மட்டும் இருக்கும் நோட்டில் சண்டை குறைவு, அதனால்தான் ஓரத்து லைன்கள் அடங்கிக் கிடக்கின்றன.

சரி, திருத்தம். எல்லோரும் ஸ்ட்ரக்டை 64 பைட் எல்லையில் தொடங்க வைக்கும் அலைன்ஆஸ் 64 போடச் சொல்வார்கள். போடலாம், சி++17 என்றால் வெக்டரும் அதை மதித்து 64 பைட் எல்லையில் இடம் வாங்கும். பழைய ஸ்டாண்டர்டில் கம்பைல் செய்தாலோ, நேராக மாலாக் அடித்தாலோ அந்த உறுதி கிடையாது, ஸ்ட்ரக்ட் 64 பைட் ஆனபிறகும் இரண்டு லைனில் கால் நீட்டிக்கொண்டு கிடக்கும். இதில் நானே ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். அப்புறம் இன்டெலில் பக்கத்து லைனையும் ஜோடியாக இழுத்து வரும் ப்ரீஃபெட்ச்சர் ஒன்று உண்டு, அதனால் சிலர் 64க்குப் பதில் 128 வைப்பார்கள். இரண்டையும் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி வெற்றிடம் சேர்க்கும் பேடிங்கே போட மாட்டேன். லூப்புக்குள் லோக்கல் வேரியபிளில் கூட்டிக்கொண்டே போய், த்ரெட் முடியும்போது ஒரே ஒரு தடவை வெக்டரில் எழுதிவிடுங்கள். அவரவர் வீட்டு சிலேட்டில் கோடு போட்டுவிட்டு மாதக் கடைசியில் நோட்டில் ஏற்றுகிற மாதிரி. அட்டாமிக் கவுன்டருக்குப் பேடிங் போட்டுப் பயனே இல்லை, அது ஒரே வரியில் 16 பேர் எழுதுவது. ஆயிரம் ரெக்கார்டுக்கு ஒரு தடவை மொத்தமாக ஆயிரத்தைக் கூட்டுங்கள், திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கொக்கிரகுளத்தான்:

அக்கா சொல்வது சரி, டிஸ்க் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று, பெரிய ஸ்ட்ரக்டாக இருந்தால் எந்த ஃபீல்டு எந்த லைனில் விழுகிறது என்று கையால் எண்ணாமல் பாஹோல் என்ற கருவியை ஓட்டிப் பார்க்கலாம், அது லைன் எல்லையைக் கோடு போட்டே காட்டும்.

காற்றாடி_பணகுடி:

முதலில் அலைன்ஆஸ் மட்டும் போட்டு ஓட்டினேன்: 16 த்ரெட்டில் 13 செகண்ட். ஐந்து லைனும் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டது, ஆனால் அந்த அட்டாமிக் லைன் ஆறாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது, பெரியவர்கள் எழுந்து போனதும் நாற்காலியைப் பிடித்த சின்னப் பையன் மாதிரி. அப்புறம் அக்கா சொன்ன மாதிரி லோக்கல் வேரியபிள், ஆயிரத்துக்கு ஒரு தடவை கவுன்டர்: 6.5 செகண்ட். அலைன்ஆஸை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மாற்றமே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் ஏஎம்டி சர்வர் வருகிறது. அதில் சி2சி ஓடுமா?

ஈரடுக்குப்பாலம்:

ஓடும், அங்கே பெப்ஸுக்குப் பதில் ஐபிஎஸ். ஆனால் லினக்ஸ் கெர்னல் 6.1 அல்லது அதற்கு மேல் வேண்டும், பெர்ஃபும் அதே வயதாக இருக்கட்டும். பழைய கெர்னலை ஏற்றிவிட்டு மறுபடியும் மெமரி ஈவென்ட் இல்லை என்கிறது என்று இங்கே வந்து நிற்காதீர்கள் தம்பி.