கிராஃபீன் ஒர்க் ஃபங்ஷன்: 4.5 என்று போட்டுவிட்டுப் போகலாமா?

கெடிலம்_23
வணக்கம். செம்புத் தகட்டில் வளர்த்த ஒற்றை அடுக்கு கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம்), 300 நானோமீட்டர் சிலிக்கா மேல் மாற்றியது. ஒர்க் ஃபங்ஷனை, அதாவது ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலை, அறைக் காற்றில் கெல்வின் புரோப் (பரப்பைத் தொடாத முனையால் அதை அளக்கும் கருவி) 4.9 எலக்ட்ரான் வோல்ட் என்று காட்டுகிறது. பாடநூல்களில் 4.5–4.6தான். டிராக் புள்ளி (எலக்ட்ரானும் துளையும் சமமாகி கிராஃபீன் நடுநிலையாகும் இடம்) கேட்டில், அதாவது சிலிக்காவுக்குக் கீழுள்ள மின்முனையில், +30 வோல்ட்டில் இருக்கிறது. லேப் புதுச்சேரியில், கடலோரம். ஏசி ஓடினாலும் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. அடுத்து கிராஃபீனைச் சூடாக்கி, வெளிவரும் எலக்ட்ரான்களின் உமிழ்வு மின்னோட்டம் அளக்க வேண்டும். கணக்கில் எந்த எண்ணைப் போடுவது?

காலாப்பட்டான்
4.5 போடுங்க தம்பி. 70 சதவீத ஈரப்பதத்தில் புரோப் அளப்பது கிராஃபீனை இல்லை, அதன் மேலே படிந்த தண்ணீர்ப் படலத்தையும் மாற்றும்போது பூசிய பிஎம்எம்ஏ பாலிமரின் மிச்சத்தையும். அசிட்டோனில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டாலும் அந்தப் பாலிமர் முழுசாகப் போகாது. ஆர்கான்–ஹைட்ரஜனில் 350 டிகிரியில் சுட்டால் குறையும். ஆனால் சுட்டபின் கிராஃபீன் சிலிக்காவோடு நெருங்கி ஒட்டிக்கொள்ளும். திரும்பக் காற்றுக்கு எடுத்தால் பி-டோப்பிங் (துளைகள் சேர்வது) முன்பைவிடக் கூடிவிடும். காற்றில் எடுத்த எண்ணை உமிழ்வுக் கணக்கில் நுழைக்கவே கூடாது.

உப்பனாறு
ஒத்துக்கொள்ள முடியாது. காற்றிலும் ஒழுங்காக அளக்கலாம், ஒப்பீட்டுப் பொருள் சரியாக இருந்தால். தங்கத்தை ஒப்பீடாக வைக்காதீங்க, காற்றில் அதன் மதிப்பே நகரும். எச்ஓபிஜி (அடுக்குகள் ஒழுங்காக அமைந்த செயற்கை) கிராஃபைட்டை செல்லோடேப்பால் உரித்து, பத்து நிமிஷத்துக்குள் அதில் முனையைச் சரிபாருங்க (4.6 என்று கொள்ளலாம்). பிறகு சாம்பிள். பிறகு புதிதாக உரித்து மறுபடி எச்ஓபிஜி. முன்னும் பின்னும் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த ஓட்டத்தையே தூக்கிப் போடணும். மூடிக்குள் உலர்ந்த நைட்ரஜன் விடுங்க.

குறியையும் பாருங்க. வோல்டேஜ் முனைக்குப் போகிறதா, சாம்பிளுக்குப் போகிறதா என்பதைப் பொறுத்துக் கூட்டல் கழித்தல் புரளும். சோதிக்க எளிய வழி: கேட்டை 0-விலிருந்து +30-க்கு ஏற்றினால் எலக்ட்ரான் சேரும், ஒர்க் ஃபங்ஷன் இறங்கணும். ஏறினால் குறி தலைகீழ்.

காலாப்பட்டான்
எவ்வளவு இறங்கணும் என்பதையும் சொல்லுங்க, அதில்தான் விஷயமே இருக்கு. 300 நானோமீட்டர் சிலிக்காவில் ஒரு வோல்ட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 7.2 × 10¹⁰ எலக்ட்ரான் அல்லது துளை. 30 வோல்ட்டுக்கு 2.2 × 10¹². கிராஃபீனில் ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லை) இந்த அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு நகரும்: 10¹²-க்கு 0.117 எலக்ட்ரான் வோல்ட், 2.2 × 10¹²-க்கு 0.17. தூய மதிப்பு 4.56 என்றால் டோப்பிங்கால் 4.73 வரைதான் போக முடியும். 4.9-க்குப் போக ஏறத்தாழ 8.5 × 10¹² துளைகள் வேணும், அப்போது டிராக் புள்ளி 120 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். இங்கே நிற்பது 30-இல். ஆக, மீதி 0.17 கிராஃபீனுடையது இல்லை.

உப்பனாறு
கணக்கு சரி, முடிவு தப்பு. அந்த மீதி மேற்பரப்பு இருமுனையால், அதாவது பரப்பில் பிரிந்து நிற்கும் கூட்டல்–கழித்தல் மின்சுமையால், வருவது. வெளியே வரும் எலக்ட்ரான் அதையும் தாண்டித்தான் வரணும். ஃபெர்மி மட்டத்திலிருந்து வெளி வெற்றிட மட்டம் வரை உள்ள மொத்தத் தூரம்தான் ஒர்க் ஃபங்ஷன். அழுக்கு போட்ட தூரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வது எப்படிச் சரியாகும்? சீசியம்–ஆக்ஸிஜன் பூசி, கேட்டும் வைத்து 1 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறக்கினார்களே, அதில் பெரும்பங்கு மேற்பரப்பு இருமுனைதான். அதைக் கிராஃபீனின் சாதனை என்று ஏற்றுக்கொண்டு, இதை மட்டும் தள்ளிவிட முடியாது.

காலாப்பட்டான்
அறை வெப்பநிலையில் அது சரி. தம்பி சூடாக்கப் போகிறார். 1800 கெல்வினில் தண்ணீரும் இருக்காது, பிஎம்எம்ஏவும் இருக்காது, சிலிக்கா மேல் வைத்த கிராஃபீனே தாங்காது. தொங்கவிட்ட கிராஃபீன்தான் வேணும். டங்ஸ்டன் மேல் வைத்துச் சுடாதீங்க, கார்பைடாகிவிடும்.

சில்வர்பீச்
இரண்டு பேரும் விட்ட ஒன்று இருக்கு. வெப்ப உமிழ்விலிருந்து எடுக்கும் ஒர்க் ஃபங்ஷன், நீங்கள் எடுக்கும் சமன்பாட்டைப் பொறுத்து மாறும். வழக்கமான ரிச்சர்ட்சன்–டஷ்மன் சமன்பாட்டில் மின்னோட்டத்தோடு வருவது வெப்பநிலையின் வர்க்கம். மாறிலி, சதுர சென்டிமீட்டருக்கும் கெல்வின் வர்க்கத்துக்கும், 120 ஆம்பியர். 2015-இல் லியாங்கும் ஆங்கும் கிராஃபீனுக்குத் தந்த வடிவில் வெப்பநிலையின் கனம் (மூன்றாம் அடுக்கு), மாறிலி 0.0116. கிராஃபீன்–குறைகடத்திச் சந்திப்பில் செங்குத்து ஓட்டத்துக்கு வெப்பநிலையின் அடுக்கு 1 என்று 2018-இல் வந்தது.

ஒரே டேட்டாவை மூன்றிலும் பொருத்தினால் மூன்றுமே நேர்க்கோடு போலத்தான் தெரியும். 1600-லிருந்து 2000 கெல்வினுக்கு ஏறும்போது அடுக்குக்குறிப் பகுதி ஏறத்தாழ 700 மடங்கு பெருகும். அடுக்கில் ஒன்று கூடினால் வருவது 1.25 மடங்குதான். ஆனால் சாய்வில் அது கேடி அளவு (போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை), அதாவது 1800 கெல்வினில் 0.155 எலக்ட்ரான் வோல்ட், தின்றுவிடும். வர்க்கத்தில் 4.66 என்றால் கனத்தில் 4.5, அடுக்கு 1-இல் 4.81. நீங்கள் 4.9-ஆ 4.73-ஆ என்று அடித்துக்கொள்ளும் இடைவெளியும் இவ்வளவேதான்.

காலாப்பட்டான்
மின்னோட்டத்தின் மொத்த அளவை வைத்துப் பிரித்துவிடலாமே. 4.5-க்கு 1800 கெல்வினில் வர்க்கம் தருவதைவிடக் கனம் ஆறில் ஒரு பங்குதான் தரும்.

சில்வர்பீச்
பரப்பு துல்லியமாகத் தெரிந்தால். கிழிசலும் மடிப்பும் உள்ள தொங்கும் படலத்தில் உமிழும் பரப்பு எது? ஒர்க் ஃபங்ஷனில் 0.1 தவறினாலே இரண்டு மடங்கு வரும். வெப்பநிலையில் 30 கெல்வின் தவறினால் 1.7 மடங்கு. அதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்: ஒற்றை அடுக்கு கிராஃபீன் ஒளியில் 2.3 சதவீதம்தான் உறிஞ்சும், ஆகவே உமிழ்திறனும் அவ்வளவே. ஒற்றை நிற பைரோமீட்டரை (ஒளியை வைத்து வெப்பநிலை அளக்கும் கருவி) 0.9 உமிழ்திறனில் வைத்தால் தவறும், படலத்தின் ஊடே பின்னாலிருக்கும் தாங்கியையும் பார்க்கும். நிறமாலை முழுவதையும் எடுத்துப் பொருத்துங்க.

கெடிலம்_23
அப்படியானால் லியாங்–ஆங் வடிவில் 4.73 போட்டு, டோப்பிங் 0.17-ஐயும் தனியாகச் சேர்க்கணுமா சார்?

சில்வர்பீச்
வேண்டாம், இரட்டிப்பாகும். அந்த வடிவில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தடை டிராக் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது. ஃபெர்மி மட்டம் தனியாக வருகிறது. 4.56 போட்டால் ஃபெர்மி மட்டத்தை −0.17 என்று கொடுங்க. 4.73 போட்டால் அதைச் சுழியாக்குங்க. அந்த 0.17-ம் சிலிக்கா மேல் காற்றில் எடுத்தது, தொங்கவிட்ட சாம்பிளுக்கு அப்படியே செல்லாது.

உப்பனாறு
அதே வெற்றிடத்தில், காற்றுக்கு எடுக்காமல், ஹீலியம் விளக்கு போட்டு யூபிஎஸ் (புறஊதா ஒளியால் வெளிவரும் எலக்ட்ரான்களின் நிறமாலை) எடுங்க. விளக்கொளியின் ஆற்றலான 21.22 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து ஃபெர்மி விளிம்புக்கும் இரண்டாம்நிலை வெட்டுக்கும் (மிகக் குறைந்த ஆற்றலில் நிறமாலை முடியும் இடம்) உள்ள அகலத்தைக் கழிக்கணும். சாம்பிளுக்கு −5 முதல் −10 வோல்ட் கொடுங்க, இல்லாவிட்டால் வெட்டு மங்கும். ஒர்க் ஃபங்ஷன் இடத்துக்கு இடம் மாறும் ஒட்டுப்போட்ட பரப்பில் இந்த அளவீடு குறைந்த மதிப்புள்ள பகுதியை நோக்கிச் சாயும். உமிழ்வும் அப்படித்தான் சாயும், அதனால் எனக்கு அதுவே நம்பகமான ஒப்பீடு.

காலாப்பட்டான்
சூடாக்கி ஆறவிட்ட பிறகு எடுத்தால் மட்டும் ஏற்கிறேன்.