செம்மண்ணில் பொருக்குக் கட்டுகிறது, கீரை முளைத்து வரவில்லை

கீரைப்பாத்தி (ஒட்டன்சத்திரம் பக்கம்):
வணக்கம். 30 சென்ட் செம்மண், போர் தண்ணீர். சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் கத்தரி போட்டு உழவர் சந்தைக்குக் கொண்டு போகிறேன். தண்ணீர் பாய்ச்சி மறுநாள் வெயில் பட்டதும் மேல்மண் பொருக்குக் கட்டிவிடுகிறது. விரலால் பெயர்த்தால் ஓட்டுச்சில்லு போல வருகிறது, அடியில் முளை வளைந்து வெளுத்துக் கிடக்கிறது. வருடம் ஒரு டிராக்டர் சாணம் போடுகிறேன், ஒவ்வொரு விதைப்புக்கும் ரோட்டவேட்டர் ஓட்டுகிறேன். கயிறு மில்லில் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது, கொட்டலாமா? உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள்.

மேட்டுக்காடு:
ஜிப்சம் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். பாத்தியில் ஒரு காய்ந்த மண்கட்டி, வேலியோரம் உழாத இடத்தில் ஒன்று எடுத்து, தனித்தனி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அசைக்காமல் வையுங்கள். வேலியோரக் கட்டி நின்று, பாத்திக் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தால் மட்கு, அதாவது மண்ணைப் பிடித்து வைக்கிற மட்கிய இலைதழைப் பொருள், குறைந்துவிட்டது என்று அர்த்தம். உதிர்ந்த பிறகு தண்ணீர் மணிக்கணக்கில் தெளியாமல் கலங்கியே நின்றால் சோடியம் கூடியிருக்கலாம், அந்தச் சோடியத்தை விலக்கத்தான் ஜிப்சம், அப்போதுதான் அதன் பேச்சே. அதையும் மண், போர் தண்ணீர் இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான். மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.5-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஜிப்சம் காசு வீண். மாதிரியை எருக்குவியல், வரப்போரம், மரநிழல் தவிர்த்து 15 செ.மீ. ஆழத்தில் பல இடங்களில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ கொடுங்கள்.

சணப்புக்காரி:
எனக்கு ரோட்டவேட்டர் மேல்தான் சந்தேகம். மண்ணை மாவாக்கிவிடுகிறது, அந்தத் தூள் தண்ணீரோடு இறங்கித் துவாரங்களை அடைத்துக் காய்ந்தால் பொருக்குதான். முதலில் அதைக் குறையுங்கள். நார்க்கழிவைப் பச்சையாகக் கொட்டவே கொட்டாதீர்கள், அதை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், கீரை மஞ்சளடிக்கும். வேளாண் பல்கலைக்கழக முறையில் டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் 60 நாள் வைத்தால் நல்ல எருவாகும். சாணமும் மட்கியதாகவே போடுங்கள், பச்சைச் சாணம் வேர்ப்புழுவைக் கூட்டி வரும்.

அப்புறம் சணப்பு, மண்ணோடு மடக்கி உழுவதற்கென்றே வளர்க்கிற பசுந்தாள் உரச் செடி. 30 சென்ட்டுக்கு 5 கிலோ விதை நெருக்கமாகத் தூவி, பூவெடுக்கும்போது, சுமார் 45 முதல் 50 நாளில், மடக்கி உழுதுவிட்டு இரண்டு வாரம் ஆறவிட்டு விதையுங்கள். இடையில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. தண்ணீர் உப்பாக இருந்தால் சணப்புக்குப் பதில் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் செடியைப் போடுங்கள், அது தாங்கும்.

கீரைப்பாத்தி:
ரொம்ப நன்றி அக்கா. ஆனால் 50 நாள் நிலத்தைச் சும்மா விட்டால் வாராவாரம் வருகிற வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்களே?

சணப்புக்காரி:
மொத்தமாக விடவே வேண்டாம். 30 சென்ட்டை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் சணப்பு, மற்ற இரண்டில் கீரை, அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். வரவு கொஞ்சம் குறையும், நிற்காது.

மேட்டுக்காடு:
சரி, அதுவரை இந்த விதைப்பையாவது காப்பாற்ற வேண்டுமே. விதைத்ததும் மண் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிசாக வைக்கோல் பரப்பி, மடைநீர் விடாமல் பூவாளியில் தெளியுங்கள். முளை தலைகாட்டிய அன்றே சாயங்காலம் வைக்கோலை எடுத்துவிடுங்கள், காலையில் எடுத்தால் வெயிலில் கருகிவிடும். எடுத்ததைக் கத்தரிக்கு மூடாக்காகப் போடலாம்.