டிலன் எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியதற்கு ஏன் அத்தனை கோபம்?

வெட்டி அரட்டை:
1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் நாட்டுப்புறப் பாடகர் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிதாரோடு மேடையேறினார், கூட்டம் கத்தியது. பழைய கதைதான். ஆனால் ஒரு கருவியை மாற்றியதற்கா இவ்வளவு? அந்தக் காலத்து அமெரிக்க நாட்டுப்புற இசை அலையில் பாதிப் பேர் நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் சுரங்கத் தொழிலாளியின் பாட்டைப் பாடினால் அது இயக்கமா, வேஷமா? இடதுசாரி அரசியல் எங்கிருந்து வந்து இதில் ஒட்டிக்கொண்டது?

பான்ஜோ பைத்தியம்:
ஒட்டவெல்லாம் இல்லை, முதலிலிருந்தே உள்ளே இருந்ததுதான். 1941 வாக்கில் அல்மனாக் சிங்கர்ஸ் என்ற பாட்டுக் குழு தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த பீட் சீகரும் லீ ஹேஸும்தான் பிறகு வீவர்ஸ் குழுவில் 1950-ல் நாடு முழுக்க ஹிட் கொடுத்தார்கள், கம்யூனிஸ்ட் முத்திரை விழுந்ததும் வாய்ப்பெல்லாம் நின்று 1952-ல் குழு கலைந்தது. 1955-ல் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தபோது, என் கருத்தும் நான் யாருக்குப் பாடினேன் என்பதும் உங்களுக்கு எதற்கு என்கிற தோரணையில் சீகர் பதில் சொல்ல மறுத்தார். 1961-ல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, அடுத்த வருடமே மேல்முறையீட்டில் ரத்து. டிவி கதவு மூடியிருந்ததால் அவர் கல்லூரி கல்லூரியாகவும் கோடை முகாம்களிலும் பாடித் திரிந்தார். நீங்கள் கிண்டல் செய்கிற கல்லூரிப் பிள்ளைகள் அங்கே உருவானவர்கள்தான், தடை போட்டவர்களே கூட்டம் சேர்த்துக் கொடுத்தார்கள்!

அப்புறம் நியூபோர்ட். 1963 முதல் அங்கே பிரபலமோ, கிராமத்திலிருந்து வந்த பாட்டியோ, எல்லோருக்கும் ஒரே சம்பளம், 50 டாலரும் வழிச்செலவும். அந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு டிலன் விஷயத்தைப் பாருங்கள். ஒலி சரியில்லை என்றுதான் கத்தினார்கள் என்பாரும் உண்டு, அந்தச் சண்டை முடியாது. ஆனால் கோபப்பட்டவர்களுக்குக் கண்ணில் பட்டது கிதார் இல்லை, 'நாம்' போய் 'நான்' வந்துவிட்டதே என்பதுதான் என்று நினைக்கிறேன்.

கறார் கந்தன்:
சமத்துவம் எல்லாம் சரி, காசு யாருக்குப் போனது? மேலே சொன்ன அந்த 1950 ஹிட் 'குட்நைட் ஐரீன்'. லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் தன் சித்தப்பா ஒருவரிடம் கற்று ஆண்டுக்கணக்காகப் பாடிவந்தது. அவர் 1949 டிசம்பரில் இறந்தார், சில மாதத்தில் அது நம்பர் ஒன். அதைவிடக் கொடுமை, பாட்டைப் பதிவு செய்த ஜான் லோமாக்ஸின் பெயரும் ஆசிரியர் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மைக்கைப் பிடித்தவனுக்கும் பாட்டில் பங்கு! பிரிட்டனில் வேறு கூத்து. அங்கே ஈவன் மெக்கால் தன் கிளப்பில் அவரவர் மொழிப் பாட்டை மட்டும்தான் பாட வேண்டும் என்று விதி போட்டார். அந்த ஸ்காட்லாந்துப் பெயரே அவர் வைத்துக்கொண்டதுதான், விதி போட்டவருடைய சொந்தப் பெயர் ஜிம்மி மில்லர், பிறந்தது இங்கிலாந்தின் சால்ஃபோர்டில்.

வெட்டி அரட்டை:
அப்படியானால் வேஷம் என்று நான் சொன்னது சரிதானே கந்தன் சார்?

தெற்குக் காற்று:
அவசரப்படாதீர்கள். கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தின் பாட்டான 'வி ஷல் ஓவர்கம்' எப்படி வந்தது என்று பாருங்கள். 1945-46-ல் சார்ல்ஸ்டன் புகையிலை ஆலை வேலைநிறுத்தத்தில் கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் பாடியது. அவர்களிடமிருந்து டென்னசியில் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளிக்கு வந்தது, அங்கிருந்து சீகர், பாடகர் கை காரவான் என்று வெள்ளையர் கை மாறி, 1960-ல் மாணவர் போராட்டக் கூட்டத்தில் காரவான் பாடப்போய் மறுபடி கறுப்பின இளைஞர்களிடமே சேர்ந்தது. அதற்கு முந்தைய வருடம் ஹைலேண்டரில் போலீஸ் ரெய்டு. இருட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளில் ஒரு பெண் 'எங்களுக்குப் பயமில்லை' என்று ஒரு புது அடியைப் போட்டுப் பாட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அடி பாட்டிலேயே தங்கிவிட்டது. இதில் எது வேஷம்?

காசுக் கேள்விக்கும் இதிலேயே ஒரு பதில் உண்டு கந்தன். காப்புரிமை சீகர், காரவான் உள்ளிட்ட நான்கு வெள்ளையர் பெயரில்தான் பதிவானது, அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வந்த ராயல்டியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, தெற்கு மாநிலக் கறுப்பினக் கலைப் பணிகளுக்கான நிதியாக்கினார்கள். 2018-ல் வழக்கு முடிந்து பாட்டு பொதுவுடைமையாகிவிட்டது.

கறார் கந்தன்:
நிதி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். லெட் பெல்லி கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.