ஒரே மேடையில் இரண்டு பேஸ் கிட்டார்: ஒலி வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எழுபதுகளின் பாடல்களுக்கு நான்கு தந்தி பிரசிஷன் பேஸ்; பேட்டரி கிடையாது, தட்டைத் தந்தி போட்டிருக்கிறேன். புதிய பாடல்களுக்கு ஐந்து தந்தி. உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், அதாவது ஒலிச் சமிக்ஞையை முன்கூட்டியே பெருக்கும் சுற்று.

ஐந்து தந்தியைக் கையில் எடுத்ததும் ஒலி எகிறுகிறது. போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் முதல் சுரத்திலேயே மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாடிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் அளவு சமமாகிறது. ஆனால் அதன் மிகத் தாழ்ந்த பி தந்தி, விரலால் அழுத்தாமல் திறந்து மீட்டினால் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ், மேடைப் பலகையையே உதற வைக்கிறது. ஆம்பில் அடியொலியைக் குறைத்தாலோ அடுத்த பாட்டில் பழைய கிட்டார் மெலிந்துவிடுகிறது. இடையில் குமிழ்களைத் திருக நேரமே கிடைப்பதில்லை.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டுப் பார்த்தேன். அளவு அடங்கியது, விரலின் உயிரும் அடங்கிப் போனது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டு டிஐ பெட்டி (கிட்டாரை நேராக மிக்சரில் இணைக்க உதவும் கருவி) வைத்து மிக்சரில் தனித்தனி சேனல் கேட்பதா, அல்லது இரண்டு உள்ளீடு உள்ள ப்ரீஆம்ப் பெடல் வாங்குவதா? சிறிய மேடைகளில் கூடுதல் சேனல் கிடைப்பதே அரிது. மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை எந்த ஹெர்ட்ஸில் வைத்தால் பி தந்தியின் கனம் போகாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த முகூர்த்தத்துக்கு முன் சரிசெய்துவிட வேண்டும்.