பனிவிளக்கு ரிலே: 87ஏ முனையை என்ன செய்வது?

அனைவருக்கும் வணக்கம். என் பழைய பொலேரோவில் 55 வாட் பனிவிளக்குகள் இரண்டையும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) இல்லாமலே பொருத்தியிருந்ததால், முழு மின்னோட்டமும் சுவிட்ச் வழியாகவே ஓடி, அதன் பின்புற பிளாஸ்டிக் உருகிச் செம்புக் கம்பியும் கருத்துவிட்டது.

இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுக்க எண்ணியுள்ளேன். சுவிட்ச் இனி ரிலேயை இயக்கும் காயிலின் (கம்பிச்சுருளின்) ஒரு முனையான 86க்கு இக்னிஷன் மின்சாரத்தை மட்டும் தரும், மறுமுனையான 85 எர்த்.

கடையில் ஐந்து முனை ரிலேதான் கிடைக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போது அந்த ஐந்தாவது முனையான 87ஏ, 30உடன் இணைந்து அதில் பேட்டரி மின்சாரம் நிற்கும் என்பதால், அதை வெறுமனே விட அஞ்சுகிறேன். எதைக் கொண்டு மூடுவது? காயில் அணையும்போது எழும் மின்னழுத்த உயர்வை அடக்க, டையோடு உள்ள ரிலே நல்லதா, அல்லது 85, 86 இணைப்புகள் இடம் மாறினாலும் கெடாத ரெசிஸ்டர் வகையே போதுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.