சரபோஜி யாரிடம் ஜெபித்தார்?

மானம்புச்சாவடி:
காலையில் சபைக் குழுவில் வந்த ஒரு பதிவைப் படித்ததில் காபி ஆறிப்போச்சு. "மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வாயே திறக்காமல், பொறுமையாக வாழ்ந்து காட்டியே தஞ்சாவூர் சரபோஜி மன்னரை உள்ளத்தில் கிறிஸ்தவராக்கினார்" என்று எழுதியிருக்கிறார் ஒரு சகோதரர். கீழே ஆமென் மழை. உள்ளத்தில் கிறிஸ்தவராம்! 1803-ல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் தன் வம்சக் கதையை வெட்டிவைத்தவர் அவர். 1820-ல் பரிவாரத்தோடு காசிக்குக் கிளம்பியவர். ஞானஸ்நானம் எடுத்த தேதியை யாராவது சொல்லுங்கள், நானும் ஆமென் போடுகிறேன்.

பாளை மருமகள்:
அந்தச் சகோதரர் நான்தான். சகோதரி. பெயரைக்கூடப் பார்க்காமல் பாய்கிறீர்கள். தஞ்சாவூர் தூய பேதுரு ஆலயத்தில் சுவார்ட்ஸ் ஐயர் கல்லறைக் கல்லைப் படித்ததுண்டா? மன்னர் தாமே இங்கிலீஷில் எழுதின பாட்டு. அனாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று சொல்லிக்கொண்டே வந்து, "என் தகப்பனே, உமக்குத் தகுந்தவனாக இருக்க உம் சரபோஜி விரும்புகிறான், ஜெபிக்கிறான்" என்று முடிக்கிறார். ஜெபிக்கிறான்! இதற்குமேல் என்ன வேண்டும்?

மானம்புச்சாவடி:
அந்த ஆலயத்துக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவனிடம் கல்லைப் படித்ததுண்டா என்று கேட்கிறீர்கள். நல்லது. ஜெபிக்கிறான். யாரிடம்?

பாளை மருமகள்:
ஜெபத்தை யாரிடம் பண்ணுவார்கள்? தாசில்தாரிடமா?

கோட்டைவாசல்:
பெரிய கோயில் சிவன் பெருவுடையாரிடமும் பண்ணலாமே அக்கா. நான் சைவன், சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு 'வேண்டுகிறான்' என்றாலும் சரிதான். நீங்கள் 'ஜெபிக்கிறான்' என்று தமிழ்ப்படுத்தின உடனே ராஜா ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாரா?

தரங்கைத் தம்பி:
கல்லை விடுங்கண்ணே. சிவகங்கைப் பூங்கா பக்கத்து ஆலயத்தில் பளிங்குச் சிற்பம் இருக்கே. படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி மன்னர், தலைமாட்டில் இன்னொரு மிஷனரி கெரிக்கே ஐயர். இங்கிலீஷ் சிற்பி பேக்கன் செதுக்கியது. அந்தப் பிடியைப் பார்த்தால் போதும், ஜெபம் யாரிடம்னு தெரிஞ்சுடும்.

மானம்புச்சாவடி:
பேக்கன் செதுக்கியது சென்னைக் கோட்டை மேரி ஆலயத்தில் இருக்கிறது தம்பி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வைத்தது. தஞ்சாவூரில் இருப்பது ஃபிளாக்ஸ்மன் என்ற இன்னொரு சிற்பியின் வேலை, சரபோஜி காசு கொடுத்து வரவழைத்தது. போன கிறிஸ்மஸில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் விஷயத்திலும் இப்படித்தான் உளறினாய், இன்றுவரை தப்பு என்று சொல்லவில்லை. கையைப் பிடித்தால் கிறிஸ்தவனா? என் கையை டாக்டர்கூடத்தான் பிடிக்கிறார்.

தரங்கைத் தம்பி:
சாஸ்திரியார் விஷயத்தில் தப்பு உங்களுடையது. அந்த இழையை இப்பவும் தேடித் தருவேன்.

மானம்புச்சாவடி:
தேடு. அதுவரை இன்னொன்று. 'வாயே திறக்காமல்' என்கிறாரே சகோதரி. 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர், 1798-ல் தஞ்சாவூரில் கண்ணை மூடினார். தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம். மௌன விரதம் இருக்கவா இத்தனை பாஷை படித்தார்? பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்? ரோமர் 10.

பாளை மருமகள்:
எனக்கும் வசனம் தெரியும். 1 பேதுரு 3-ல் 'போதனையின்றி' நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று இருக்கிறதே, அதைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களா? என் மாமியார் எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒன்பது வருஷம் சுக்குக் கஞ்சி கொண்டுபோனார்கள். படுக்கைப்புண்ணைக் கழுவித் துணி மாற்றினார்கள். ஒரு கைப்பிரதி நீட்டியதில்லை. கடைசியில் பாட்டியே, "உன் சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுடி" என்றாள்.

மானம்புச்சாவடி:
உங்கள் மாமியார் சொன்னார்களா, இல்லையா? வாயைத் திறந்தார்கள் அல்லவா? என் கட்சிதான் ஜெயித்தது.

பாளை மருமகள்:
ஒன்பது வருஷம் கழித்து, அவள் கேட்ட பிறகு! அது உங்கள் கட்சியா?

கோட்டைவாசல்:
அந்த மாமியார் பேரில் எனக்கு மரியாதை உண்டு. பஸ்ஸில் தூங்குகிறவன் மடியில் நோட்டீஸ் வைக்கிற ஆளைத்தான் தாங்க முடியவில்லை. ஆனால் சுவார்ட்ஸைச் சாதாரண வாழ்க்கைக்கு உதாரணம் சொல்லாதீர்கள். 1779-ல் கம்பெனிக்குத் தூதராக மைசூர் ஹைதர் அலியிடம் போனவர் அவர்.

தரங்கைத் தம்பி:
ஹைதர் கொடுத்த பணமுடிப்பைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவரும் அவர்தான். பஞ்சத்தில் அரிசி வாங்கிச் சேர்த்து ஜனங்களுக்கும் கொடுத்தவர். அதைச் சொல்ல வாய் வராதே.

கோட்டைவாசல்:
வருதே தம்பி, நல்ல மனுஷன். அதனால்தான் கேட்கிறேன், ராஜா யாரிடம் வேண்டினார்?

மானம்புச்சாவடி:
அதைத்தான் நானும் காலையிலிருந்து கேட்கிறேன். கோட்டைவாசல் என் பக்கம்.

கோட்டைவாசல்:
ஐயோ, இல்லை.

பாளை மருமகள்:
சரபோஜியைச் சிறுவயதிலிருந்து பக்கத்தில் இருந்து வளர்த்த சுவார்ட்ஸ் ஐயரே பதினோரு வருஷம் அந்தப் பையனை ஞானஸ்நானத்துக்கு நெருக்கவில்லை. நீங்கள் இருநூறு வருஷம் கழித்து ரசீது கேட்கிறீர்கள்.

மானம்புச்சாவடி:
ரசீது கேட்கவில்லை, விலாசம் கேட்கிறேன். யாரிடம்? ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கல்லைப் போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன்.

தரங்கைத் தம்பி:
ஃபிளாஷ் போட்டு எடுங்கண்ணே. போன தடவை நீங்க போட்ட போட்டோவில் உங்க கட்டைவிரல்தான் தெரிஞ்சுது.